மொழி கற்ற தூதர்: சர் ரீடர் புல்லார்டின் வாழ்வும் பணியும்

அரபு மொழியில் தூதரைக் குறிக்கும் ‘ஸஃபீர்’ என்னும் சொல்லுக்குப் பழைய அகராதிகள் தரும் விளக்கம் சிந்தனைக்குரியது. பகை கொண்ட இரு தரப்பாரிடையே சென்று சமாதானம் செய்து வைப்பவர் என்பது அதன் பொருள். இதே வேரிலிருந்துதான் பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’, நூலைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’, வைகறை வெளுத்தலைக் குறிக்கும் ‘அஸ்ஃபர’ ஆகிய சொற்களும் பிறக்கின்றன. திரை விலகித் தெளிவு பிறத்தல் என்னும் கருத்து இச்சொற்களில் ஊடாடி நிற்கிறது. பயணம் செய்து, எழுத்தைச் சுமந்து, மறைந்திருப்பதை வெளிப்படுத்தி, உள்ளங்களை இணைப்பவரே தூதர் என்று அம்மொழியின் வேர்கள் நமக்குச் சொல்கின்றன.

இந்த அளவுகோலை நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஒரு தூதரின் மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் முஸ்லிம் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஆனால் உஸ்மானியப் பேரரசின் இறுதி நாட்களையும், ஹிஜாஸில் ஓர் அரசு வீழ்ந்து மற்றோர் அரசு எழுந்ததையும், ஈரானில் ஓர் அரசர் முடி துறந்ததையும் அருகிருந்து கண்டவர். துருக்கியும் அரபும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்தவர். அவர்தாம் பிரிட்டனின் மூத்த தூதர்களுள் ஒருவரான சர் ரீடர் புல்லார்ட்.

துறைமுகத் தொழிலாளியின் மகன்

புல்லார்ட் 1885ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் லண்டனை ஒட்டிய வால்தம்ஸ்டோவில் பிறந்தார். தந்தை லண்டன் துறைமுகத்தில் உழைத்த தொழிலாளி. அக்காலத்துப் பிரிட்டனில் அயலுறவுப் பணி என்பது பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. சொந்த வருமானம் இல்லாதவர் அதன் வாசலைக்கூட நெருங்க முடியாது. ஆனால் அதன் பக்கத்திலேயே சற்றுத் தாழ்ந்த வாசல் ஒன்றும் இருந்தது. லெவாண்ட் கான்சலர் பணி என்று அதற்குப் பெயர்.

இப்பணி உருவான காரணத்தை அறிதல் வேண்டும். உஸ்மானிய ஆட்சியிலிருந்த ஐரோப்பியத் தூதரகங்கள் நெடுங்காலமாக உள்ளூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களையே நம்பியிருந்தன. அவர்களை ஐரோப்பியர் ‘டிராகோமன்’ என்றழைத்தனர். அரபியின் ‘தர்ஜுமான்’ திரிந்ததே இச்சொல். ரோமப் பேரரசர் ஹெர்குலிஸ் அபூ ஸுஃப்யானிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி விசாரித்தபோது தம் தர்ஜுமானை அழைத்தார் என ஸஹீஹுல் புகாரியில் நாம் ஓதுகிறோமே, அதே சொல்தான். நம் தமிழகக் கடற்கரைகளில் ஐரோப்பியக் கம்பெனிகளுக்குத் துபாஷிகள் எவ்வாறோ, இஸ்தான்பூலில் இவர்கள் அவ்வாறு. பிறர் நாவை நம்பி அரசியல் நடத்துவதில் உள்ள ஆபத்தை உணர்ந்த பிரிட்டிஷ் அரசு, 1877ஆம் ஆண்டு முதல் தன் இளைஞர்களையே தேர்வு வைத்து எடுத்து, கீழை மொழிகளைக் கற்பித்து அனுப்பத் தொடங்கியது.

பிறப்பைக் கேளாமல் அறிவை மட்டும் கேட்ட இத்தேர்வில் 1906ஆம் ஆண்டு புல்லார்ட் வென்றார். கேம்பிரிட்ஜின் குயின்ஸ் கல்லூரியில் இரண்டாண்டுகள் தங்கி மொழிகளைக் கற்றார்.

ஆசிரியரும் மாணவரும்

கேம்பிரிட்ஜில் இம்மாணவர்களுக்குக் கற்பித்தவர் எட்வர்ட் கிரான்வில் பிரௌன். பாரசீக இலக்கியம் பயின்ற எவரும் இப்பெயரை அறியாதிருக்க முடியாது. நான்கு பாகங்களில் அவர் எழுதிய பாரசீக இலக்கிய வரலாறு இன்றும் அத்துறையின் ஆதார நூல்களுள் ஒன்று. 1887-88இல் ஈரானில் பயணம் செய்த பிரௌன், அம்மக்களின் மீது கொண்ட பற்றை இறுதிவரை கைவிடவில்லை. 1905ஆம் ஆண்டில் ஈரானில் அரசியல் சட்டத்துக்கான புரட்சி எழுந்தபோது அதன் பக்கம் நின்றார். 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானைத் தத்தம் செல்வாக்கு மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு செய்த உடன்படிக்கையைத் தம் சொந்த அரசை எதிர்த்தே கண்டித்து எழுதினார்.

அந்த உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டில் புல்லார்ட் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரே வகுப்பறையில் ஆசிரியர் பாரசீகத்தை நேசிப்பதற்காகக் கற்றார். மாணவர் அதைப் பணி செய்வதற்காகக் கற்றார். இருவரும் நன்றாகவே கற்றனர். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் அதே ஈரானை மீண்டும் பிரிட்டனும் ரஷ்யாவும் பங்கிட்டுக்கொண்டபோது, அதற்கான ஓலையைக் கொண்டுசென்று கொடுத்தவர் அந்த மாணவர்தாம்.

1908இல் இஸ்தான்பூல் சென்ற புல்லார்ட், இளந்துருக்கியரின் எழுச்சியால் கொந்தளித்திருந்த தலைநகரைக் கண்டார். பின்னர் டிரபிஸோன், எர்ஸுரூம், பித்லிஸ் எனக் கிழக்கு அனத்தோலியாவின் நகரங்களில் பணியாற்றினார். 1914இல் மகாயுத்தம் மூண்டபோது பஸ்ராவில் தற்காலிகக் கான்சலாக இருந்தார். பிரிட்டிஷ் இந்தியப் படை இராக்கைக் கைப்பற்றியதும் அங்கேயே நிர்வாக அதிகாரியானார். இராக் மக்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்த 1920ஆம் ஆண்டில் அவர் பக்தாதின் இராணுவ ஆளுநர். அடுத்த ஆண்டு, லண்டனில் சர்ச்சில் பொறுப்பிலிருந்த குடியேற்ற நாடுகள் அமைச்சில் மத்தியக் கிழக்குக்கெனத் தொடங்கப்பட்ட பிரிவில் அமர்ந்தார்.

ஜித்தாவில் இரு மன்னர்கள்

1923ஆம் ஆண்டு அவர் ஜித்தாவுக்குப் பிரிட்டிஷ் முகவராகவும் கான்சலாகவும் அனுப்பப்பட்டார். அன்றைய ஜித்தா எண்ணெய் வளம் அறியாத நகரம். கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ‘கிந்தாஸா’ இயந்திரமும் மழைநீர்த் தொட்டிகளுமே அதன் தாகம் தீர்த்தன. ஹிஜாஸின் வருவாய்க்கு ஹஜ்ஜே முதன்மையான ஆதாரம்.

பிரிட்டிஷ் கான்சலின் பணியில் பெரும்பகுதியும் ஹாஜிகளைச் சார்ந்ததே. இந்தியா, மலாயா, நைஜீரியா ஆகிய நாடுகளின் முஸ்லிம்கள் அனைவரும் அன்று பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்தவர்கள். பம்பாயிலிருந்தும் கராச்சியிலிருந்தும் கப்பலேறிய நம் முன்னோர்கள் ஜித்தாவில் இறங்கியதும் அவர்களின் நோய், களவு, மரணம், வாரிசுச் சொத்து, திரும்பிச்செல்லக் கப்பற்கூலியின்றித் தவித்தல் ஆகிய எல்லாம் அந்தக் கான்சலகத்தின் மேசைக்கு வந்தன. கான்சல் முஸ்லிமல்லாதவர் என்பதால் மக்காவுக்குச் செல்ல இயலாது. எனவே இந்திய முஸ்லிம் ஒருவர் துணைக் கான்சலாக இருந்து ஹாஜிகளின் காரியங்களைக் கவனித்தார். ஹாஜிகளிடம் மிகுதியான வரிகளும் கட்டணங்களும் வாங்கப்படுவதை எதிர்த்துப் புல்லார்ட் மன்னர் ஹுஸைனின் அரசோடு ஓயாமல் வாதாடினார். அவர் நோக்கம் எதுவாயினும், அதனால் எளிய ஹாஜிகள் சிலராவது பயன் பெற்றிருப்பர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

இன்னொரு செய்தி நம்மைத் தலைகுனியச் செய்வது. ஹிஜாஸில் அன்று அடிமை வணிகம் நடைமுறையில் இருந்தது. தப்பியோடி வந்து பிரிட்டிஷ் கான்சலகத்தின் வாசலை அடைந்துவிட்ட அடிமைக்கு அடைக்கலம் தந்து, விடுதலைப் பத்திரம் பெற்றுத் தந்து, கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பிவைப்பது அங்கு வழக்கமாக இருந்தது. அடிமையை விடுதலை செய்வதைப் பேரறமாகப் போதித்த மார்க்கத்தின் பிறப்பிடத்தில், அந்த அறத்தை நாடி அடிமைகள் அந்நியரின் கொடிக்கம்பத்தை நோக்கி ஓடவேண்டி வந்தது வரலாற்றின் வேதனையாகும். 1936இல் மன்னர் அப்துல் அஸீஸ் இப்னு ஸஊத் அடிமைகள் தொடர்பாகக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டார். பிரிட்டனும் தன் கான்சலகத்துக்கிருந்த அவ்வுரிமையைக் கைவிட்டது. சவூதி அரேபியாவில் அடிமை முறை 1962இல் முற்றாக ஒழிக்கப்பட்டது.

புல்லார்ட் ஜித்தாவில் இருந்த காலத்தில்தான் 1924 மார்ச் 3ஆம் நாள் துருக்கி கிலாஃபத்தை ஒழித்தது. அதே மாதத்தில் மன்னர் ஹுஸைன் தம்மைக் கலீஃபாவாக அறிவித்துக்கொண்டார். இந்திய முஸ்லிம்கள் உட்பட உலக முஸ்லிம்களில் மிகச் சிலரே அதை ஏற்றனர். மகாயுத்தத்தில் பிரிட்டனின் வாக்குறுதியை நம்பி உஸ்மானியரை எதிர்த்தெழுந்தவர் ஹுஸைன். யுத்தம் முடிந்தபின் அந்த வாக்குறுதி பிரெஞ்சுக்காரருக்கும் சியோனிஸ்டுகளுக்கும் அளித்த வேறு வாக்குறுதிகளோடு மோதுவதைக் கண்டார். பாலஸ்தீனத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்துக்கொண்டேயிருந்தார். அந்த மறுப்பை நாள்தோறும் எதிர்கொண்ட புல்லார்ட், தம் கடிதங்களில் ஹுஸைனைப் பிடிவாதம் மிக்க, சலிப்பூட்டும் முதியவராகவே காட்டுகிறார். ஆட்சி முறையில் ஹுஸைனிடம் குறைகள் பல இருந்தன. அவரால் அல்லலுற்ற ஹாஜிகளே அதற்குச் சான்று. ஆயினும், ஏமாற்றப்பட்ட ஒருவரின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்பதை ஏமாற்றிய தரப்பின் பிரதிநிதி எளிதில் உணர்வதில்லை.

1924 செப்டம்பரில் நஜ்தின் இக்வான் படைகள் தாயிஃபைக் கைப்பற்றின. அக்டோபர் 3ஆம் நாள் ஹுஸைன் முடிதுறந்தார். அம்மாதமே மக்கா இப்னு ஸஊதின் படைகளிடம் வந்தது. ஹுஸைனின் மகன் அலீ ஜித்தாவில் முற்றுகைக்குள்ளாகி, 1925 டிசம்பரில் நாட்டை விட்டு வெளியேறினார். இது முஸ்லிம்களின் உள்விவகாரம் என்று கூறிப் பிரிட்டன் நடுநிலை காத்தது. இந்திய முஸ்லிம்களின் மனநிலையைக் கருதியதும் அந்த நடுநிலைக்கு ஒரு காரணம். முற்றுகை முடியும் முன்பே 1925இல் புல்லார்ட் ஜித்தாவிலிருந்து ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டார்.

மீண்டும் ஜித்தா

ஏதென்ஸ், அடிஸ் அபாபா, மாஸ்கோ, லெனின்கிராட், ரபாத் ஆகிய நகரங்களில் பணியாற்றியபின், 1936இல் சவூதி அரேபியாவுக்கான பிரிட்டிஷ் தூதராக அவர் மீண்டும் ஜித்தா வந்தார். இம்முறை ‘சர்’ பட்டமும் உடன் வந்தது. முன்பு கண்ட மன்னரின் இடத்தில் வேறொரு மன்னர்.

அவ்வாண்டே பழைய முகம் ஒன்றும் ஜித்தாவுக்குத் திரும்பியது. சோவியத் நாட்டின் தூதர் கரீம் ஹகீமோவ், தாத்தாரிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1924இல் முதன்முறை வந்தபோதும் அவர் புல்லார்டின் சமகாலத்தவர். 1926இல் இப்னு ஸஊதின் ஹிஜாஸ் ஆட்சியைச் சோவியத் நாடு முந்திக்கொண்டு அங்கீகரித்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1937இல் மாஸ்கோவுக்குத் திரும்ப அழைக்கப்பட்ட ஹகீமோவ், 1938 ஜனவரியில் ஸ்டாலினின் ஆட்சியால் சுட்டுக் கொல்லப்பட்டார். சொந்த அரசே தன் தூதரைக் கொல்லும் கொடுமையைப் புல்லார்ட் அறிந்ததில்லை. அவருடைய அரசு அவரைக் கசப்போடு விமர்சித்ததுண்டு, அவ்வளவே.

ஜித்தாவில் அன்று வாழ்ந்த மற்றோர் ஆங்கிலேயரும் நம் கவனத்துக்குரியவர். ஜான் ஃபில்பி 1885இல் இலங்கையின் பதுளைப் பகுதியில் பிறந்தவர். புல்லார்டுக்கு ஒத்த வயதினர். இராக் நிர்வாகத்தில் அவரும் பணியாற்றியவர். பிரிட்டிஷ் அரசின் கொள்கையோடு முரண்பட்டுப் பணியைத் துறந்த ஃபில்பி, ஜித்தாவில் வணிகராகத் தங்கி 1930இல் இஸ்லாத்தைத் தழுவி, மன்னரின் அவையில் இடம்பெற்றார். ஆங்கிலேயர் மூவர் கீழை மொழிகளைக் கற்றனர்: பிரௌன் அம்மக்களை நேசித்தார், ஃபில்பி அவர்களோடு கலந்தார், புல்லார்ட் மேசைக்கு அப்பாலிருந்து அவர்களைக் கவனித்தார்.

புல்லார்டின் இரண்டாம் ஜித்தா வாழ்வில் மேலோங்கி நின்றது பாலஸ்தீனப் பிரச்சினையே. 1936இல் அங்கு அரபு மக்களின் எழுச்சி தொடங்கியது. 1937 ஜூலையில் பீல் குழு அந்நாட்டைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. இப்னு ஸஊதின் கண்டனங்களை லண்டனுக்கு எழுதுவது புல்லார்டின் கடமையாயிற்று.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை நாம் மறக்கலாகாது. 1938 ஜனவரி 3ஆம் நாள் பிபிசியின் அரபு ஒலிபரப்பு தொடங்கியது. அரபு மக்களின் மனத்தைப் பிரிட்டனின் பக்கம் ஈர்ப்பதே அதன் நோக்கம். அந்த முதல் நாளின் செய்தியிலேயே, பாலஸ்தீன அரபியர் ஒருவர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்ட செய்தி இடம்பெற்றது. இப்னு ஸஊத் அதைக் கேட்டார். பிரிட்டனின் சியோனிசக் கொள்கை இல்லாதிருந்தால் அந்த மனிதர் உயிரோடு இருந்திருப்பார் என்னும் கருத்துப்பட மன்னர் புல்லார்டிடம் தம் துயரத்தை வெளியிட்டார். அச்செய்தி பிழையற்ற அரபியில் வாசிக்கப்பட்டது. உச்சரிப்பில் குறையில்லை, இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் கேட்டவரின் உள்ளத்தில் அது என்ன செய்யும் என்பதை வாசிக்க வைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மொழியை அறிதல் வேறு, அம்மொழி பேசுவோரை அறிதல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1938 மார்ச்சில் தம்மாமின் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் பெருகியது. அதற்கான உரிமை அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது. ஹாஜிகளை நம்பி வாழ்ந்த தேசத்தின் தலைவிதி மாறத் தொடங்கிய அவ்வேளையில், புல்லார்டின் பயணம் வேறு திசையில் அமைந்தது.

தெஹ்ரான்: ஒரு வைகறை

1939இன் இறுதியில் அவர் ஈரானுக்கான தூதராகத் தெஹ்ரான் சேர்ந்தார். ஆட்சியிலிருந்தவர் ரிஸா ஷா. இரண்டாம் உலகப்போரில் ஈரான் நடுநிலையை அறிவித்திருந்தது. ஆனால் 1941 ஜூன் 22ஆம் நாள் ஹிட்லர் ரஷ்யாவைத் தாக்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. பகைவர்களாக இருந்த பிரிட்டனும் ரஷ்யாவும் ஒரே நாளில் நண்பர்களாயினர். அபாதானின் எண்ணெய் பிரிட்டனுக்குத் தேவை. ரஷ்யாவுக்குப் போர்த்தளவாடங்களை அனுப்ப ஈரானின் ஊடாக ஒரு பாதை தேவை. பாரசீக வளைகுடாவையும் காஸ்பியன் கடலையும் இணைத்து ஈரான் தன் மக்களின் வரிப்பணத்தில் 1938இல் கட்டி முடித்திருந்த 1,394 கிலோமீட்டர் இருப்புப்பாதை அதற்கு ஆயத்தமாக இருந்தது. ஈரானிலுள்ள ஜெர்மானியரை வெளியேற்றவேண்டும் என்பது வெளியில் சொல்லப்பட்ட காரணம்.

1941 ஆகஸ்ட் 25ஆம் நாள் வைகறைக்கு முன்பே புல்லார்டும் சோவியத் தூதர் ஸ்மிர்னோவும் பிரதமர் அலீ மன்ஸூரின் இல்லத்துக்குச் சென்று அவரை எழுப்பித் தத்தம் அரசுகளின் ஓலைகளைக் கொடுத்தனர். படைகள் எல்லையைக் கடந்துவிட்ட செய்தியே அது. தெற்கே கொர்ரம்ஷஹ்ரில் ஈரானியக் கடற்படைத் தளபதி பாயன்தோர் அன்றே கொல்லப்பட்டார். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் நுழைந்த பிரிட்டிஷ் படையில் இந்திய டிவிஷன்களின் வீரர்கள் பெருமளவில் இருந்தனர் என்பதும் நாம் அறியவேண்டிய உண்மை.

வைகறை வெளுத்தலுக்கும் தூதருக்கும் அரபியில் ஒரே வேர் என்றோம். அன்றைய வைகறையில் அந்தத் தூதர்கள் கொண்டுசென்றது சமாதானம் அன்று.

ஈரானிய எதிர்ப்பு சில நாட்களில் ஓய்ந்தது. ரிஸா ஷாவின் கொடுங்கோன்மையையும் அவர் சேர்த்த நிலபுலன்களையும் பிபிசியின் பாரசீக ஒலிபரப்பு வெளிப்படையாகத் தாக்கியது. அதற்கான செய்திகள் தெஹ்ரானின் பிரிட்டிஷ் தூதரகத்திலிருந்து சென்றன. அவற்றில் உண்மை நிறைய இருந்தது. ஆனால் அந்த உண்மைகள் அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டனின் வாயில் எழவில்லை. செப்டம்பர் 16ஆம் நாள் ரிஸா ஷா முடிதுறந்தார். இருபத்தொரு வயது மகன் முஹம்மத் ரிஸா அரியணை ஏறினார். தந்தையை ஏற்றிச்சென்ற கப்பல் பம்பாய்க்கு அருகில் வந்தும் அவர் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. மொரீஷியஸுக்கும் பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டு, 1944 ஜூலையில் ஜொஹன்னஸ்பர்கில் காலமானார்.

1942 ஜனவரி 29ஆம் நாள் முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போர் முடிந்த ஆறு மாதங்களுக்குள் அந்நியப் படைகள் வெளியேறும் என்பது அதன் உறுதி. இடைப்பட்ட காலத்தில் ஈரானிய மக்கள் பட்ட துன்பம் பெரிது. இருப்புப்பாதையும் லாரிகளும் போருக்குச் சென்றன, விலைகள் ஏறின, ரொட்டி கிடைக்கவில்லை. 1942 டிசம்பரில் தெஹ்ரான் மக்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தானியத்தைப் பதுக்கிய நிலவுடைமையாளர்களையும் திறனற்ற அதிகாரிகளையும் தூதரகம் குறைகூறியது. மக்கள் அந்நியப் படைகளைக் குறைகூறினர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் புல்லார்ட் ஈரானியரைப் பற்றிக் கூறுபவை, பசித்த ஒரு மக்களைப் பற்றிய சொற்களாக இல்லை. பொய்யும் கையூட்டும் சோம்பலும் அவர்களின் இயல்பே என்பதுபோல் அவர் எழுதுகிறார். ஈரானியர் மீது தம் தூதர் கொண்டிருந்த இகழ்ச்சி, அவர் திறமைக்கும் நாட்டின் நலனுக்கும் கேடு விளைவிக்கிறது என்று பிரதமர் சர்ச்சிலே அயலுறவு அமைச்சருக்குக் குறிப்பெழுத நேர்ந்தது. கீழைநாட்டவரை உயர்வாகக் கருதியவர் என்று சர்ச்சிலை எவரும் சொல்லார்; அவரே இவ்வாறு எழுதினார் என்றால் அந்த இகழ்ச்சியின் அளவை நாம் ஊகிக்கலாம்.

1943 நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் தெஹ்ரானில் கூடினர். நவம்பர் 30ஆம் நாள் சர்ச்சிலின் 69ஆம் பிறந்தநாள் விருந்து பிரிட்டிஷ் தூதரகத்தில் நடந்தது. துறைமுகத் தொழிலாளியின் மகன் பொறுப்பு வகித்த இல்லத்தில் உலகின் மூன்று பெருந்தலைவர்களும் உணவருந்தினர். 1944இல் அத்தூதரகம் முழுத் தகுதி பெற, புல்லார்ட் முழுநிலைத் தூதரானார். 1946இல் ஓய்வு பெற்றார்.

எஞ்சியவை

ஓய்வுக்குப்பின் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேற்ற நாடுகளின் ஆய்வுக்கான நிறுவனத்தை 1951 முதல் 1956 வரை இயக்கினார். ‘பிரிட்டனும் மத்தியக் கிழக்கும்’ என்னும் வரலாற்று நூலை 1951இலும், ‘ஒட்டகங்கள் போகத்தான் வேண்டும்’ என்னும் தன்வரலாற்றை 1961இலும் வெளியிட்டார். 1976 மே மாதத்தில் 90 வயதில் காலமானார். அவர் மகன் சர் ஜூலியன் புல்லார்ட், 1968 முதல் 1970 வரை துபையில் பிரிட்டனின் அரசியல் முகவராக இருந்து, பின்னர் மேற்கு ஜெர்மனியில் தூதரானார். ஜித்தாவிலிருந்தும் தெஹ்ரானிலிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் தந்தை எழுதிய கடிதங்கள் அவர் மறைவுக்குப்பின் நூல்களாக வந்தன. ஹிஜாஸின் அந்த இரண்டு ஆண்டுகளையும், போர்க்கால ஈரானையும் ஆராய்வோர் இன்று அவற்றைத் தவிர்க்க முடியாது.

இங்கே நம் சமுதாயம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. அக்காலத்தில் நம் ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் ஹஜ்ஜுக்குச் சென்று வந்தனர். அவர்களுள் ஆலிம்கள் இருந்தனர். அரபு அறிந்தவர்கள் இருந்தனர். தாம் கண்டதை வாரந்தோறும் எழுதிவைத்தவர் எத்தனை பேர்? எழுதியவற்றைப் பாதுகாத்த குடும்பங்கள் எத்தனை? நம் முன்னோரின் ஹஜ்ஜைப் பற்றி அறிய, மக்காவின் எல்லையைத் தாண்ட இயலாத ஓர் அந்நியரின் கடிதங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அவருடைய ஒருசார்பைக் குறைகூற நமக்கு உரிமையுண்டு. நம் சார்பில் சாட்சி வைக்காமற்போனதற்கு அவர் பொறுப்பல்லர்.

ஈரானியரோ மறக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தெஹ்ரானிலுள்ள ரஷ்யத் தூதரும் பிரிட்டிஷ் தூதரும், 1943இல் மூன்று தலைவர்கள் அமர்ந்து படமெடுத்துக்கொண்ட அதே படிக்கட்டில் அமர்ந்து படமெடுத்து வெளியிட்டபோது, ஈரானிய அயலுறவு அமைச்சர் முதல் பொதுமக்கள் வரை கொதித்தெழுந்தனர். எண்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த ஆகஸ்ட் மாதம் அவர்களுக்குப் பழங்கதையாகவில்லை. பாரசீகத்தில் ஒரு நாழிகை பேசிப் பெறமுடியாத இந்த அறிவை ஒரு புகைப்படம் அத்தூதர்களுக்குத் தந்திருக்கும்.

அரபுக் கல்லூரியில் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் வினா ஒன்றுண்டு: இந்த மொழியைக் கற்று என்ன ஆகப் போகிறோம்? சிலர் மிம்பர் ஏறுவர். சிலர் மதரஸாவில் கற்பிப்பர். பலர் வளைகுடா நாடுகளில் அலுவலகங்களிலும் தூதரகங்களிலும் மொழிபெயர்ப்பாளராக அமர்வர். யூதர்களின் எழுத்தைக் கற்று வருமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) பணித்ததையும், அவர்கள் மிகக் குறுகிய நாட்களில் அதைக் கற்றுத் தேர்ந்ததையும் நாம் எடுத்துச் சொல்வோம். இனிப் புல்லார்டின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். ஏழை வீட்டில் பிறந்த ஒருவரைத் தூதரகத்தின் உச்சிக்கு உயர்த்தியது மொழியறிவு. உழைப்பிலும் நேர்மையிலும் ஒழுங்கிலும் அவரிடம் நாம் கற்கவேண்டியவை உண்டு. ஆனால் மூன்று முஸ்லிம் மொழிகளைக் கற்றும், அம்மொழிகளைப் பேசிய மக்களை ஒரு வழக்கின் எதிர்த்தரப்பாகவே அவர் இறுதிவரை கண்டார். அவர் திறந்த கதவின் வழியே படைகள் நுழைந்தன.

கஃபீலின் அலுவலகத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் முறையீட்டை நம் மாணவர் ஒருவர் நாளை அரபியில் மொழிபெயர்ப்பார். அங்கே அவர் நாவில் இலக்கணம் பிழையாதிருக்கும். அதற்கு நாம் பொறுப்பு. அந்தத் தொழிலாளியின் சொல்லில் உள்ள கண்ணீரும் சேர்ந்து மொழிபெயர்க்கப்படுமா என்பதை அந்த மாணவரின் உள்ளம் தீர்மானிக்கும். ‘ஸஃபீர்’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளை வகுப்பில் இனி சற்று நின்று நிதானித்தே கற்பிக்க எண்ணியுள்ளோம்.